வெட்டுங் கருவியும் நிறுத்துங் கருவியும்

உடம்பின் ஏனைய உறுப்புக்களிற் கட்டி தோன்றின், சத்திரவைத்தியர் கட்டியை மட்டும் அகற்றி அமையார். அதனைச் சூழ்ந்த நல்ல தசையிலும் ஒரு விரற்கடை சேர்த்தே அரிந்தெடுப்பர். நோயின் வித்து எஞ்சிவிடலாகாது என்பது அவர் கருத்து. குடலில் ஒரு சாண் குறைந்தாலும் மனிதன் உண்டு வாழ்வான். ஈரலில் ஒரு பகுதி குறைந்தால் அது மீள வளரும். மூளையிலோ அவ்விரற்கடைக்கு இடமில்லை. நாவை அசைப்பதும், பெற்ற பிள்ளையின் பெயரை நினைவிற் கொணர்வதும், எழுதுகோலைப் பற்றுவதும் அவ்விரற்கடைக்குள்ளேயே அடங்கியிருத்தல் கூடும். ஆதலின், மூளைக் கட்டியை அகற்றுதற்கு அமைந்த கருவிகளின் பெருமை, அவை எத்துணைக் கூரியன என்பதிலும், நிற்க வேண்டிய இடத்தை எத்துணைத் தெளிவாய் அறிவிக்கின்றன என்பதிலேயே தங்கியுள்ளது என்பது எம் துணிபு.

கல்லூரியின் யூபிலி மலரில் இப்பொருள் எற்றுக்கு என வினவுவார் இருக்கலாம். எம் பழைய மாணவருள் வைத்தியராயினார் பலர், பொறியியலாளர் பலர், பிறநாடுகளிற் பொருளீட்டி வாழ்வார் அவரினும் பலர். அவருட் சிலர், பிறந்த நாட்டு வைத்தியசாலைக்கு ஏதேனுமோர் அரிய கருவியை வாங்கியளிக்க விரும்புகின்றனர். விருப்பம் நன்று. அவ்விருப்பம் எவ்வழிச் செல்லின் பயன் தரும் என்பதுபற்றி எமக்கோர் அபிப்பிராயம் உண்டு. அதனைக் கூறுமுன், அக்கருவிகள் உலகிற்கு வந்த வரலாற்றிற் சிறிது புகுதல் வேண்டும்.

1884ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரிலே, பெனற் என்னும் வைத்தியர், இருபத்தைந்து வயதினனான ஒரு நோயாளியின் கைகால்கள் வலிந்திழுக்கும் முறையை நோக்கி, மூளையின் இன்ன இடத்திற் கட்டி உண்டென்று கூறினார். கோட்லீ என்னும் சத்திரவைத்தியர் அவ்விடத்து மண்டையோட்டைத் திறந்தபோது கட்டி அங்கேயே இருந்தது. எக்ஸ் கதிரே கண்டறியப்படாத காலம் அது. ஊகம் பழுதுபடவில்லை, கட்டி அகற்றப்பட்டது, எனினும் புண்ணிற் கிருமி புகுந்தமையால் இருபத்தெட்டாம் நாள் நோயாளி இறந்தான். கோட்லீயோ, கிருமிநீக்க முறையை நாட்டிய லிஸ்ரரின் மருகர்! அறிவு முன்னே செல்லக் கருவி பின்னே தங்கிய காலமென்று அதனைக் கூறலாம்.

அதன்பின் நெடுங்காலம் சத்திரவைத்தியரை அச்சுறுத்தியது குருதிப் பெருக்கே. மூளையின் நுண்ணிய குழாய்களை நூலாற் கட்டுதல் அரிது. விரலால் அழுத்துதல் மூளையையே நசுக்கும். அமெரிக்கரான ஹார்வி குஷிங் 1911இல் சிறிய வெள்ளிக் கவ்விகளைப் புகுத்தினார். அவையுங் குருதி மிகுந்த கட்டிகளின்முன் போதாவாயின. 1926ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் முதலாந் திகதி பொஸ்ரன் நகரில் நிகழ்ந்ததை எம் மாணவர் சிறப்பாக அறிதல் வேண்டும். சின்னாட்களுக்கு முன் குருதி பெருகியமையால் இடையிலே கைவிடப்பட்ட ஒரு நோயாளி அன்று மீண்டுங் கிடத்தப்பட்டான். குஷிங்கின் அருகிலே போவி என்பார், தாம் அமைத்த மின்கருவியோடு நின்றார். அக்கருவி உயரதிர்வு மின்னோட்டத்தை ஒரு முனையின் வழியாகச் செலுத்தி, திசுவை வெட்டும். வேண்டியவிடத்துக் குருதியை உறையவும் வைக்கும். கட்டி அகற்றப்பட்டது. குஷிங், முன்னர்த் தம்மால் இயலாதென்று திருப்பியனுப்பிய நோயாளரை மீள அழைத்துச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

இப்போவி வைத்தியரல்லர். தாவரங்களின் உடற்றொழிலியலிற் பட்டம்பெற்று, பௌதிகவியலை உயிர்களின் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியவர். தம் கருவியின் உரிமையை ஒரேயொரு டொலருக்கு விற்றாரென்பர். இன்றும் உலகெங்குமுள்ள சத்திரசிகிச்சைக் கூடங்களில் அக்கருவியைப் ‘போவி’ என்றே அழைக்கின்றனர். அழைப்பாருட் பலர் அஃது ஒரு மனிதனின் பெயரென்பதை அறியார். வைத்தியராகாத மகனைப் பெற்றோர் இரக்கத்தோடு நோக்கும் வழக்கம் எம்மிடையே இன்னும் ஒழிந்திலது. அதனாலேயே இதனை இத்துணை விரித்தோம்.

போவியின் கருவியிலும் ஒரு குறை இருந்தது. முனையிற் புகும் மின்னோட்டம் உடம்பினூடு சென்று வேறிடத்து வைத்த தட்டொன்றின் வழியே வெளியேறும். ஆதலின் வெம்மை வேண்டாவிடத்தும் பரவும். 1940இல் கிறீன்வூட் என்பவர், சாவணத்தின் இரு நுனிகளுக்கிடையே மட்டும் மின்னோட்டஞ் செல்லுமாறு அமைத்தார். பின்னர் மலிஸ் என்பவர் அதனைச் செப்பஞ் செய்தார். நுனிகளுக்கிடையிற் பற்றிய குழாய் மட்டும் உறையும். அதனருகிற் கிடக்கும் நரம்பிற்குத் தீங்கு மிகக் குறைவு. இன்று மூளைச் சத்திரசிகிச்சையில் இச்சாவணமின்றி எவரும் கைவைக்கத் துணியார். இக்கருவி வலியதன்று, தன் வலிமையை ஓரெல்லைக்குள் அடக்கிக்கொண்டமையே இதன் சிறப்பு.

நுணுக்குக்காட்டி வந்த கதையும் அவ்வாறே. காதுநோய் வைத்தியர் பல்லாண்டு பயன்படுத்திய பின்னரே அது மூளையை எட்டியது. 1957இல் லொஸ் ஏஞ்சலிசில் கேர்ஸ் என்பவர் அதனைக்கொண்டு ஒரு குழந்தையின் நரம்புக் கட்டியை அகற்றினார். துருக்கியரான யாசர்கில், அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்திலே ஆய்வுகூடத்தில் விலங்குகளின் நுண்குழாய்களைத் தைத்துப் பயின்று, 1967 முதல் சூரிச் நகரில் அப்பயிற்சியைக் கலையாகவே வளர்த்தார். இருகையுந் தொழிலில் இருக்க, நுணுக்குக்காட்டியை வாயினாற் பற்றி நகர்த்துமாறு அவர் அமைத்த ஏற்பாடு இன்றும் வழக்கிலுள்ளது. கருவி முன்னரே இருந்தது; ஆய்வுகூடத்திலே மாதக்கணக்காய்க் கையைப் பழக்கியவர் வந்த பின்னரே அது முழுப்பயன் தந்தது.

பல்வைத்தியரின் நாற்காலியிலிருந்து மூளைக்கு வந்த கருவியும் ஒன்றுண்டு. பற்களிற் படிந்த காறையைச் செவிக்கெட்டா ஒலியலையால் உதிர்க்குங் கருவியொன்றைத் தம் பல்லின்மேல் உணர்ந்த கெல்மன் என்னும் கண்வைத்தியர், கண்புரையையும் இவ்வாறே உதிர்க்கலாமேயென எண்ணி 1967இல் அதனைச் செய்து காட்டினார். 1970களின் இறுதியில் அக்கருவி மூளைக் கட்டிக்கும் பயன்படலாயிற்று. குழல்போன்ற உலோக முனையொன்று ஒரு செக்கனில் இருபத்து மூவாயிரம் முறை அளவில் அதிரும். நீர்மிக்க மென்றிசு அவ்வதிர்விற் பொடியாகும்; நாருள்ள குருதிக் குழாய்கள் எளிதிற் சிதையா. அதே முனை நீரைச் சொரிந்து, பொடியானதை உறிஞ்சியும் விடும். முற்காலத்திற் கட்டியைப் பற்றியிழுத்த காலை, இழுக்கப்பட்டது கட்டி மட்டுமன்று. அதன் பின்னே கிடந்த நல்ல மூளையும் இழுபட்டது. இக்கருவி வந்தபின், கட்டியை உள்ளிருந்தே குடைந்தெடுத்து, மேலுறையைப் பையவே மடித்தெடுக்க இயல்கின்றது.

இனி, எல்லையென்னும் பெரும் வினாவுக்கு வருவோம். மூளையுறையினின்று எழும் கட்டிகள் பல, மூளையை நெருக்குமேயன்றி அதனுள் ஊடுருவா. அவற்றிற்கு ஓரெல்லை உண்டு. மூளையின் உள்ளேயே பிறக்கும் கிளையோமா என்னும் கட்டியோ, மணலிற் சிந்திய நீர்போற் பரவும். எங்கே கட்டி முடிகின்றது, எங்கே மூளை தொடங்குகின்றது என்பதை நுணுக்குக்காட்டியினூடு நோக்கினும் கூறல் அரிது. ஸ்கான் படங்களைக் கணனியில் ஏற்றி, கருவியின் முனை எங்குள்ளதென்று காட்டும் முறையும் 1980களில் வந்தது. ஆயின் மண்டையோட்டைத் திறந்து நீர் வடிந்தவுடன் மூளை தாழ்ந்து நகரும். நேற்றெடுத்த படம் இன்றைய நிலத்தோடு பொருந்தாது. அதனாற் சத்திரசிகிச்சைக் கூடத்தினுள்ளேயே எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை நிறுவும் வழக்கம் 1990களிற் பொஸ்ரனிலே தொடங்கிற்று. அஃது அரசர்க்குரிய செலவு.

ஜேர்மனியர் வேறொரு வழி கண்டனர். உடம்பு குருதியின் செந்நிறப் பொருளை ஆக்கும்போது பயன்படுத்தும் அமினோலெவுலினிக் அமிலத்தைச் சிகிச்சைக்குச் சில மணி நேரத்திற்கு முன் நீரிற் கரைத்துப் பருகக் கொடுப்பர். கொடிய கிளையோமாவின் கலங்களில் அதிலிருந்து விளையும் பொருளொன்று மிகுந்து தேங்கும். ஊதாநீல ஒளியில் நோக்கினால் கட்டி செந்தணல்போல் ஒளிரும். நல்ல மூளை நீலமாகவே கிடக்கும். ஸ்ரம்மர் என்பாரும் அவர்தங் குழுவினரும் ஜேர்மனியின் 17 நிலையங்களில் நோயாளரைக் குலுக்கல் முறையாற் பிரித்து ஆராய்ந்து 2006இல் முடிபை வெளியிட்டனர். படத்திற் காணத்தக்க கட்டி முழுவதும் அகற்றப்பட்டோர், இவ்வொளியைப் பயன்படுத்திய பிரிவில் நூற்றுக்கு 65. வழமையான வெள்ளொளியில் 36. இது சிறிய வேறுபாடன்று. மருந்துண்டவர் ஒரு நாள் பொழுது கடும் வெயிலுக்கும் பெருவிளக்கிற்கும் மறைவாக இருத்தல் வேண்டுமென்பது எம்போன்ற வெப்பநாட்டார் மறவாதிருக்க வேண்டிய குறிப்பு. கொடுமை குறைந்த கட்டிகள் பெரும்பாலும் இவ்வாறு ஒளிர்வதில்லை.

இத்துணை வியத்தகு கருவியும் ஒன்றை அறியாது. ஒளிர்வது கட்டியென்று அது கூறும். அக்கட்டி வேரூன்றிய அவ்விடத்திலேயே நோயாளியின் பேச்சுங் குடியிருக்கின்றதாவென்று கூறாது. அதனைக் கூறவல்லான் ஒருவனே உளன். அவன் நோயாளி.

கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்பீல்ட் நோயாளியை விழித்திருக்கச் செய்தே மூளைச் சத்திரசிகிச்சை செய்தார். மூளைக்கு நோவுணர்ச்சி இல்லை. தலைத்தோலை மட்டும் விறைக்கச் செய்தாற் போதும். மெல்லிய மின்முனையால் மூளையை ஓரோரிடமாகத் தொட, விரலசையும், அல்லது உதட்டிற் கூச்சந் தோன்றும், அல்லது பேசிக்கொண்டிருந்தவனின் பேச்சு நின்றுவிடும். அவ்வவ்விடத்தில் எண்ணிட்ட சிறு தாட்டுண்டுகளை வைத்து வரைபடமாக்கினார். அவர் 1928இல் தம் உடன்பிறந்தாளின் மூளைக் கட்டியையே அகற்ற நேர்ந்தது. முழுவதும் எடுக்க இயலவில்லை. அவ்வம்மையார் அதன்பின் சில ஆண்டுகளே வாழ்ந்தார். 1934இல் மொன்றியல் நரம்பியல் நிலையம் அவர் முயற்சியால் எழுந்தது. அவரிடம் பயின்ற யேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதலாவது நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மொன்றியலின் பயிற்சி தமிழ்நாட்டு மண்ணில் இறங்கிய வழி அது.

இம்முறையின் பயன்பற்றி 2012இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரைப் பற்றிய பல நாட்டு அறிக்கைகள் அதில் ஒருங்கு திரட்டப்பட்டன. மின்முனையால் தொட்டறிந்து சிகிச்சை பெற்றோரில், நீங்காத கடுங்குறை எய்தியோர் நூற்றுக்கு 3.4, அவ்வாறு தொட்டறியாது சிகிச்சை பெற்றோரில் 8.2. கட்டி முழுவதும் அகற்றப்பட்டோரோ, முன்னவரில் 75, பின்னவரில் 58. இவை வெவ்வேறிடத்து அறிக்கைகளைக் கூட்டிப் பெற்ற எண்களாதலின், குலுக்கல் முறை ஆய்வின் உறுதி இவற்றிற்கு இல்லை. எனினும் நிற்குமிடத்தை அறிந்தவர் நிற்கவேண்டாத இடத்தில் அஞ்சாது சென்றனர் என்றே யாம் இதனை விளங்கிக்கொள்கின்றோம். இதற்கு வேண்டிய கருவிகளோ, சிறு மின்னோட்டந் தரும் பெட்டியொன்று, இருமுனைக் கோலொன்று, சில படங்கள், அருகிருந்து பேசத் தெரிந்த ஒருவர். மயக்க மருந்து வல்லாரின் திறமை இவற்றிற்கு மேலாக வேண்டும் என்பதை மறுக்கவில்லை.

சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு திறந்ததும் சுற்றத்தார் ஓடிச்சென்று கேட்கும் முதற்கேள்வி, “முழுவதும் எடுத்தாயிற்றா, ஐயா?” என்பதே. அக்கேள்வியின் பின்னுள்ள துயரை யாம் அறிவோம். ஆயினும், “எதனை விட்டீர்கள், எக்காரணத்தால் விட்டீர்கள்?” என்பதும் கேட்கத்தக்க கேள்வியாகும். முழுவதும் எடுத்தேன் என்ற புகழுக்காக ஓர் ஆசிரியரின் பேச்சையுஞ் சேர்த்தெடுத்த கை, கைராசியுள்ள கையன்று. சிறிது விட்டேன், எஞ்சியதைக் கதிர்களுக்கும் மருந்துக்கும் ஒப்படைத்தேன் என்று கூறும் வைத்தியரைச் சுற்றத்தார் ஏளனமாக நோக்குதல் தவறு.

இனி எம் அபிப்பிராயம். அண்மையில் எம்மிற் சிலர் ஒரு வைத்தியசாலைக்குச் சென்றிருந்தோம். அதன் பெயர் ஈண்டு வேண்டா. ஒரு மூலையிலே வெள்ளைத்துணி போர்த்த இயந்திரமொன்று நின்றது. அன்பரொருவர் கடல்கடந்து அனுப்பியதாம். முனையும் நீர்க்குழாயும் தேய்ந்துபோக, மாற்றுறுப்பு வாங்கப் பணமில்லை. அதனை இயக்கப் பயின்றவரும் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். கொடையாளியின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு மட்டும் துலக்கமாக இருந்தது. துணியை நீக்கிக் காட்டிய தாதியார் வெட்கத்தோடு, “இரண்டு வருசமாய் இப்படித்தான்” என்றார். வெட்கம் அவருக்குரியதன்று.

எம் கல்லூரி ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டிகளை நினைவிற் கொள்வார்க்கு இது புதிதாயிராது. மாரிகாலத்து ஈரத்தில் வில்லைகளிற் பூஞ்சணம் படர, எதனை நோக்கினும் பஞ்சுபோலத் தோன்றிய நாட்களை யாம் மறக்கவில்லை. சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டியின் வில்லைக்கும் அப்பூஞ்சணம் அஞ்சுவதில்லை. அதன் விலைமதிப்பை அறிந்து விலகிச் செல்வதுமில்லை. உலர்ந்த அறையும் நாடோறுந் துடைப்பாருமே அதற்கு மருந்து.

திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தில் நோயாளியையும் வைத்தியனையும் மருந்தையுங் கூறி, அருகிருந்து தொழில் செய்வானையும் நான்காவதாகச் சேர்த்தெண்ணினார். அந்நான்காமவனை யாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். கருவியைக் கழுவித் தூய்மை செய்பவர், மின்னோட்டத்தை அளந்து வைப்பவர், பழுதுபட்டவிடத்துத் திறந்து திருத்துபவர் ஆகியோர் அவ்வுறுப்பில் அடங்குவர். கொடை செய்ய விரும்பும் பழைய மாணவர், இயந்திரத்தின் விலையை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கிற்கு எளிய கருவியும், ஒரு பங்கிற்குப் பல்லாண்டுக்கு வேண்டிய முனைகளுங் குழாய்களும், ஒரு பங்கிற்கு ஓர் இளைஞனின் பயிற்சியும் வாங்கிக் கொடுப்பாராயின், பித்தளைத் தகட்டிற்கு இடமில்லாது போகலாம், கருவி இயங்கிக்கொண்டிருக்கும். பயிற்சி பெறும் அவ்விளைஞன் எம் கல்லூரியின் பௌதிகவியல் வகுப்பிலிருந்தே செல்லலாம். அவன் வைத்தியபீடத்துக்குத் தெரிவாகாதவனாயிருப்பினும் ஆகுக.

மற்றுமொன்று. விழித்திருக்கும் நோயாளியிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பரென்றோம். இருமொழி பேசுவாரின் மூளையிலே இருமொழிக்குமுரிய இடங்கள் முற்றும் ஒன்றாயிருப்பதில்லை என்பதை அமெரிக்கரான ஒஜமன் 1978இல் எடுத்துக்காட்டினார். ஆதலின் தமிழ் பேசுவானைத் தமிழிற் சோதித்தல் வேண்டும். அவன் ஆங்கிலமும் வல்லனாயின் இரண்டிலும் சோதித்தல் வேண்டும். மேல்நாட்டுப் பட அட்டைகளிலுள்ள பனிமனிதனையும் ஓக் மரத்து இலையையுங் கண்டு வன்னிக் கமக்காரன் திகைத்தால், அது மூளையின் குற்றமன்று. சென்னையிலிருந்து வரும் அட்டையில் நாற்காலியென்றிருக்க, எம்மவன் கதிரையென்பான். கேட்பவர் அதனைப் பிழையெனக் கொண்டு, எடுக்கத்தக்க கட்டியை எடுக்காது விட்டால் என்னாவது? எம் வழக்குச் சொற்களை அறிந்த தமிழாசிரியரும், சித்திரம் வல்லாரும், வைத்தியரான பழைய மாணவர் ஒருவரும் கூடியிருந்து நூறு படங்களை வரைந்து, ஒவ்வொன்றற்கும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலைநாட்டிலும் வழங்கும் பெயர்களைக் குறித்து, முதியோர் இளைஞோர் இருசாராரிடமும் காட்டிச் சரிபார்த்து, நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவுகளுக்கு அளிக்கலாம். செலவு தாளும் மையுமே.

முதற்படமாகத் துலாவை வரையலாமென எம்மில் மூத்தவர் ஒருவர் கூறினார். இக்காலத்து மாணவர் பலர் அதனைக் கண்டதில்லை என்று இளையவரொருவர் தடுத்தார். குடத்தையும் பூட்டையும் பனங்கிழங்கையும் பற்றி இருவருக்கும் வழக்கில்லை, அவற்றிலிருந்து தொடங்கலாம்.